ரொலினியாவும் முள்சீத்தாவும்: பெயர்க் குழப்பமும் பூ உதிர்வும்

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டி எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் நான்கு முள்சீத்தா (டுரியான் பெலாண்டா) மரங்கள் நன்றாகப் பூத்தும் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. தங்கும் காயும் ஒரு பக்கம் சூம்பி வளைந்து நிற்கிறது. நர்சரியில் ரொலினியா (சீத்தா வகைப் பழமரம்) கன்று ஒன்று வாங்கினேன். அட்டையில் ‘அனோனா’ என்கிறது, பழைய புத்தகத்தில் ‘ரொலினியா’ தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி). எது சரி? முள்சீத்தாவில் இதை ஒட்டுக் கட்டலாமா?

பதில்: ஐயா, அட்டையில் இருப்பதுதான் இப்போதைய பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வகுத்த அனோனா பேரினத்தில்தான் முள்சீத்தா, சீத்தா, ராம்சீத்தா எல்லாம் வருகின்றன. இந்த மூன்றுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. உங்கள் கன்றுக்கும் 1764-இலேயே தாவரவியலாளர் ஜாக்கின் ‘அனோனா மியூகோசா’ என்று பெயர் வைத்திருந்தார். இதன் பூவில் வெளியிதழ்கள் மூன்றும் காற்றாடி இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது ரொலினியா அனோனாவுக்குள்ளேயே அடங்குவது தெரிந்தது. 2007-இல் மறுபடி சேர்த்துவிட்டார்கள். உங்கள் புத்தகம் அதற்கு முந்தியதாக இருக்கும். நம் மனோரஞ்சிதமும் இங்குள்ள கெனாங்கா பூமரமும் இதே குடும்பம்தான். முள்சீத்தாவின் மலாய்ப் பெயரில் வரும் டுரியானோ செம்பருத்திக் குடும்பம், இதற்கு உறவே இல்லை.

உங்கள் பூ உதிர்வுக்கும் இந்த உறவில் விடை இருக்கிறது. அனோனா பூ ஒவ்வொன்றும் முதலில் பெண்ணாக இருக்கும், பிறகுதான் ஆணாகும். சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதியின் நுனி) ஈரமாக இருக்கும்போது அதே பூவில் மகரந்தம் வந்திருக்காது. மகரந்தம் கொட்டும்போது சூல்முடி காய்ந்திருக்கும். இடையில் சின்ன வண்டுகள் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால்தான் காய் பிடிக்கும். முள்சீத்தாக் காய் பல சூலகங்கள் (விதை உண்டாகும் பெண் பகுதிகள்) ஒட்டிச் சேர்ந்தது. எந்தப் பக்கத்துச் சூலகத்துக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்தப் பக்கம் வளராது. உங்கள் காய் வளைவது பெரும்பாலும் இதனால்தான். உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

செம்பனையே இதற்குச் சாட்சி. 1981-இல் கேமரூனிலிருந்து மூக்கு வண்டை இங்கே கொண்டுவந்து விடும்வரை தோட்டங்களில் ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். ஆனால் அந்த வண்டு செம்பனைக்கு மட்டும்தான் உதவும், உங்கள் மரத்துக்கு அல்ல.

ஆகவே நீங்களும் கையால் தூவிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், பூவைப் பாருங்கள். நன்றாக விரிந்து, நடுவிலுள்ள மகரந்தத்தாள்கள் தளர்ந்து தொட்டாலே உதிர்கிற பூவைக் காய்ந்த கிண்ணத்தில் தட்டுங்கள். பிறகு, இதழ் லேசாக விலகி உள்ளே சூல்முடி பளபளவென்று ஒட்டும் பசையோடு இருக்கும் இளம் பூவைத் தேடுங்கள். சின்ன ஓவியத் தூரிகையில் மகரந்தத்தை எடுத்து, நடு மேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் மறுபடியும் வளைந்த காய்தான் கிடைக்கும். மகரந்தத்தை மறுநாளைக்கு வைக்க வேண்டாம், வீரியம் போய்விடும். தண்டிலும் முதிர்ந்த கிளையிலும் கைக்கெட்டும் பூக்கள் இருந்தால் அவற்றில் தொடங்குங்கள். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், இருக்கிற வண்டும் செத்துப்போகும்.

அப்புறம் ஒட்டு. ஒரே பேரினம் என்பதற்காக எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடாது. சீத்தாவை ராம்சீத்தாவில் கட்டுவது வழக்கம்தான். ஆனால் ஒரே ஒரு ரொலினியா கன்றை வைத்துக்கொண்டு, காய்க்கும் முள்சீத்தாவின் தலையை வெட்டிச் சோதிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கன்றைத் தனியாக, மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள். அது காய்த்த பிறகு, விதையில் வரும் நாற்றுகளில் அதே மரத்தின் குச்சியைக் கட்டிப் பழகலாம்.