முந்நூற்றித் தொண்ணூறு

ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: மகன் நாலாம் ஆண்டு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தடக்காமல் சொல்லுவான். ஆனால் கடையில் வைத்து, "280ம் 390ம் எவ்வளவடா?" என்று கேட்டால் முழிக்கிறான். டியூசன் சேர் "கவனமில்லை" என்கிறார். இரண்டு அடி போட்டால் சரிவருமா, ரீச்சர்?
- வாசகி, உப்புவெளி

பதில்: அடிக்காதேங்கோ, பிள்ளை. வாய்ப்பாடு இருக்கிற இடம் வேறு, கடையில் அவன் கணக்குப் பார்க்கிற இடம் வேறு.

மனதுக்குள் ஒரு சின்னச் சிலேட்டு இருக்கிறது. செயல்படு நினைவு என்பார்கள். உளவியலாளர்கள் ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் அதை விரித்து எழுதினார்கள். பெரிய ஆட்களுக்கே ஒரே நேரத்தில் நாலு விஷயமளவில்தான் அதில் கொள்ளும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. இனி உங்கள் கணக்கைப் பாருங்கள். இரண்டு விலையையும் பிடித்து வைக்க வேணும். எட்டும் ஒன்பதும் பதினேழு. ஏழை ஒரு பக்கம் வைத்து, மிச்சம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்ட வேணும். அந்த நேரம் பின்னால் நிற்கிறவர் "தம்பி, கொஞ்சம் விலத்து" என்றால் அந்த ஒன்று போய்விடும். 570 என்றுதான் சொல்லுவான். அவனுக்குக் கூட்டத் தெரியும்; வைத்திருக்கத்தான் இடமில்லை.

நம்முடைய தமிழும் ஒரு கை பார்க்கிறது. "முந்நூற்றித் தொண்ணூறு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதில் இரண்டு நூறு விழுகிறது! என் வகுப்பில் இதைக் கேட்டு 400 எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். சொல்லின் நீளமும் ஒரு சுமை. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பிடித்து வைப்பது ஏறக்குறைய இரண்டு விநாடியில் சொல்லக்கூடிய அளவுதான். வேல்ஸ் மொழியில் எண்களின் பெயரைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்; இரண்டும் தெரிந்தவர்களும் வேல்ஸ் மொழியில் குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தார்கள் என்று 1980இல் ஓர் ஆய்வு வந்தது.

பயமும் அதே சிலேட்டில்தான் வந்து குந்தும். இதை நான் பிந்தித்தான் அறிந்தேன். படிப்பிக்க வந்த புதிதில், விரல் விட்டு எண்ணிய ஒரு பெடியனின் கையில் அடிமட்டத்தால் தட்டியிருக்கிறேன். விரல் என்பது சிலேட்டில் இடமில்லாததை வெளியே எழுதி வைப்பது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதும் அந்தக் கை நினைவில் நிற்கிறது.

கடைக்குப் போகும்போது துண்டுக் கடதாசியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். மட்டந்தட்டவும், அதாவது கிட்டின முழு நூறாக்கிப் பார்க்கவும் பழக்குங்கள்: 300ம் 400ம் 700, அதற்குக் கொஞ்சம் குறைய. ஒன்று கவனியுங்கள், சில பிள்ளைகள் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு அதை மட்டந்தட்டுவார்கள். அது இரட்டை வேலை. முதலில் மட்டந்தட்டு, பிறகு கூட்டு என்று சொல்லிக் கொடுங்கள். 570 என்று வாயில் வந்தாலும் 700க்கு அது கிட்டவில்லையே என்று அவனே திரும்பிப் பார்ப்பான்.

கேள்வி: நினைவைக் கூட்டும் போன் விளையாட்டுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். கணக்கு முன்னேறுமா?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: அந்த விளையாட்டில் முன்னேறுவான். கணக்குக்கு அது பெரிதாக வந்து சேருவதில்லை. நிறுத்துங்கள்.

கேள்வி: என் மாமா கரைவலைக்காரர். எழுதிக் கூட்டத் தெரியாது. மீன் குவியலைப் பார்த்தே இத்தனை கிலோ என்பார், தராசில் பெரிதாகப் பிசகாது. எப்படி, ரீச்சர்?
- வாசகர், நிலாவெளி

பதில்: மாமா சிலேட்டை அதிகம் தொடுவதே இல்லை. எத்தனையோ வருடம் பார்த்த மீன்பாடுகள் அவருக்குள் கிடக்கின்றன. புதுக் குவியலை அவற்றோடு ஒப்பிடுகிறார். ஆனாலும் குவியல் பெருக்கப் பெருக்கப் பிசகும் பெருக்கும். பத்துக் கிலோவில் ஒரு கிலோ பிசகுகிறவர் நூறில் பத்து பிசகுவார், கண்ணின் வழக்கம் அது.

நீங்களே பரீட்சித்துப் பார்க்கலாம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது கோட்டை வாசலில் மான்கள் நிற்குமே. மூன்று நின்றால் எண்ணாமலே தெரியும். பத்துப் பன்னிரண்டு நடந்து திரிந்தால் எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பதே தவறிவிடும். என் பேத்தி போன மாதம் பதினொன்று என்றாள், நான் பதின்மூன்று என்றேன். திரும்ப எண்ணுவதற்குள் அவை கச்சான் கடைப் பக்கம் போய்விட்டன.