மாளிகை இல்லாத பழங்காலத் தொடர்கள்

பழங்காலத் தொடர் என்று எதைப் போட்டாலும் மாளிகையும் விருந்தும்தான் வருகிறது, ஆலையும் சங்கமும் வேலைநிறுத்தமும் உள்ள கதை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் முதலில் 'ஸ்ட்ரம்பெட் சிட்டி'. 1980இல் அயர்லாந்தின் ஆர்டிஇ தொலைக்காட்சி எடுத்தது, ஏழே பகுதிகள். 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்துக்காரர்களை வெளியே தள்ளிக் கதவடைத்த கதை. சங்கத் தலைவர் ஜிம் லார்கினாக வருவது பீட்டர் ஓ'டூல். ஆனால் மனதை விட்டுப் போகாதவர் ராஷர்ஸ் என்ற பாத்திரம்தான். நிலவறையில் நாயோடு ஒண்டிக் கிடக்கும் அந்த ஏழைக்குச் சங்கமும் கிடையாது, கூலியும் நிச்சயமில்லை.

அப்புறம் பிபிசியின் 'நார்த் அண்டு சவுத்' (2004, நான்கு பகுதிகள்). காதல் கொஞ்சம் தூக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாலைக்குள் முதன்முதலாக நுழையும் காட்சியைப் பாருங்கள்: காற்றெங்கும் பஞ்சுத் தூசி, பார்க்க அழகு. அதே தூசிதான் தொழிலாளியின் மகள் பெஸ்ஸியின் நுரையீரலை அரிக்கிறது. வேலைநிறுத்தம் உள்ளுக்குள்ளேயே எப்படி உடைகிறது என்பதையும் மழுப்பாமல் காட்டுகிறார்கள்.

அரசியல் நேரடியாக வேண்டுமென்றால் கென் லோச் இயக்கிய 'டேஸ் ஆஃப் ஹோப்' (1975). 1916இல் தொடங்கி பிரிட்டனின் 1926 பொது வேலைநிறுத்தம் வரை போகிறது. கடைசிப் பகுதியில் பேச்சுவார்த்தை அறைகளே அதிகம், சிலருக்குச் சலிக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது. வட்டாரப் பேச்சு சுலபத்தில் பிடிபடாது, வசன வரிகளோடு பார்ப்பது நல்லது.

சிறுவர் உழைப்பு பற்றியும் பார்ப்பீர்கள் என்றால் 'தி மில்' (2013) இருக்கிறது. சரி, இதில் எதையாவது ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களா?