கரன்ட் தெரியவில்லையா? அளவைக் கூட்டாதீர்கள்

கேள்வி: வயது 54. பத்து வருடமாகச் சுகர். இரவில் இரண்டு பாதமும் எரிகிறது. வலி குறையத் தோல் வழியே சின்னக் கரன்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷினை ஆன்லைனில் வாங்கி, அதன் பேடுகளை உள்ளங்காலில் ஒட்டினேன். வலது காலில் கரன்ட் தெரியவே இல்லை, கடைசி அளவு வரை வைத்துப் பார்த்தேன். நரம்பே செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். எரிச்சலுக்கு மெடிக்கலில் வலி மாத்திரையும் வாங்கிப் போடுகிறேன். பேஸ்மேக்கர் வைத்த என் கணவர் முழங்கால் வலிக்கு இதை வைக்கலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நரம்பு சாகாது அம்மா. தோல் வழியாகப் போகும் அந்தச் சின்னத் துடிப்புகள், தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே ஏறாமல் அமுக்குகின்றன, அவ்வளவுதான். அந்த வீடியோவை விடுங்கள். உங்கள் கணவர் மட்டும் இதை வைக்கக் கூடாது. மெஷினின் துடிப்பை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார விடவில்லை: "கரன்ட் தெரியவே இல்லை." பழுது மெஷினில் இல்லாமல் பாதத்தில் இருக்கலாம். சுகரால் உணர்ச்சி மரத்த காலும் எரியும். எரிவதால் உணர்ச்சி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஜெல் பேட் காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால், ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் மொத்தக் கரன்ட்டும் இறங்கித் தோலைச் சுடும். மற்றவர்கள் சுரீர் என்றதும் பிடுங்கிவிடுவார்கள். உங்களுக்கு மறுநாள் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். சித்திரை வெயிலில் கோயில் கல் தளத்தில் வெறுங்காலோடு நடந்தாலும் இதே கதைதான்.

இன்றைக்கே கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது பாதத்தைப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள்; தொட்டது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாதத்தில் பேட் ஒட்டுவதை நிறுத்துங்கள். சிவப்போ கொப்புளமோ புண்ணோ இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ காலைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு, எங்கே வரை மரத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பும் கேளுங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள்.

அதன்பின் அவர்கள் சரி என்றால், உணர்ச்சி நன்றாக உள்ள கெண்டைக்காலில் வைக்கலாம். எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு பேட் அகலம் விட்டு ஒட்டுங்கள். துடிப்பு வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், 30 நிமிடம். குறுகுறுவென்று தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. தூங்கும்போது வேண்டாம்.

அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நரம்பு எரிச்சலுக்கு அது பெரும்பாலும் கேட்காது, சுகர் உள்ளவர்களின் கிட்னியையும் கெடுக்கலாம். இந்த எரிச்சலுக்கென்றே தனி மாத்திரைகள் உண்டு, அதே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.