ஏசுவின் இரண்டு கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிலான் போயிருந்தபோது லியோனார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைப் பார்த்தேன். "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஏசு சொன்ன கணம்தான் இது" என்றார் வழிகாட்டி. கலை வரலாற்றாசிரியர் லியோ ஸ்டைன்பெர்க்கைப் பற்றிய உங்கள் கட்டுரையோ அதை நற்கருணை ஓவியம், அதாவது அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தன் உடலாகவும் இரத்தமாகவும் ஏசு சீடர்களுக்குக் கொடுத்த சடங்கின் ஓவியம், என்கிறது. மறுமலர்ச்சி என்பதே மதத்தின் பிடியிலிருந்து மனிதன் விடுபட்டதுதானே? ஓவியத்தை மறுபடி கோயிலுக்குள் இழுத்துப்போக வேண்டுமா? கடவுள் நம்பிக்கை இல்லாத என்னைப் போன்றவர்கள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஓவியம் கோயிலைவிட்டு வெளியே வந்ததே இல்லை. நீங்கள் நின்றது சாந்தா மரியா தெல்லே கிராட்சியே ஆலயத்தை ஒட்டிய மடத்தின் சாப்பாட்டு அறை. வரையச் சொன்ன மிலான் ஆட்சியாளர் லுதோவிக்கோ ஸ்ஃபோர்சா, அந்த ஆலயத்தையே தன் குடும்பத்தின் கல்லறைத் தலமாக்க நினைத்தவர். தினமும் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தோமினிக்கன் துறவிகள். நற்கருணைத் திருவிழாவின் வழிபாட்டுப் பாடல்களை இயற்றியவராகச் சொல்லப்படும் தாமஸ் அக்குவினாஸ் அவர்கள் சபைக்காரர். ஏசு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் கொடுத்த இரவின் படத்தில் அவர்கள் வெறும் துரோகக் கதையை மட்டுமா பார்த்திருப்பார்கள்?

வழிகாட்டி சொன்னது தப்பில்லை. சீடர்கள் பதறுவதும், மூன்று மூன்று பேராகக் குழம்பி நிற்பதும் அந்த வாக்கியத்தின் விளைவுதான். ஆனால் ஏசுவின் கைகளைப் பாருங்கள். இடது கை உள்ளங்கையை விரித்து அப்பத்தை நோக்கி இருக்கிறது. வலது கைப்பக்கம் ரசக் கிண்ணம். அதே வலது கை, காட்டிக்கொடுக்கப்போகும் சீடன் யூதாஸின் கை நீளும் பாத்திரத்தையும் நெருங்குகிறது. "என்னோடு பாத்திரத்தில் கையிடுபவன்" என்ற நற்செய்தி வரி அங்கே இருக்கிறது. "இது என் உடல், இது என் இரத்தம்" என்பதும் அங்கேயே இருக்கிறது. லியோனார்டோ ஒரே சைகைக்கு இரண்டு மூன்று வேலை கொடுத்திருக்கிறார், இதில் எதையும் கழிக்கக் கூடாது என்பதுதான் ஸ்டைன்பெர்க்கின் வாதம். 1973-ல் நீண்ட கட்டுரையாக எழுதியதை 2001-ல் புத்தகமாக விரித்தார்.

அப்படியானால் நற்கருணை எப்போது காணாமல் போனது? 1817-ல் ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய புகழ்பெற்ற கட்டுரை படத்தை அந்த ஒரு வாக்கியத்தின் நாடகமாக வாசித்தது. பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கண்ணாடியையே போட்டுக்கொண்டார்கள். மறுமலர்ச்சி மதத்தை உதறியது என்று நீங்கள் சொல்வதும் அந்த நூற்றாண்டு வளர்த்த சித்திரம்தான்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். ஸ்டைன்பெர்க் 1920-ல் மாஸ்கோவில் பிறந்த யூதர். கத்தோலிக்கத்துக்கு வக்காலத்து வாங்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் 1983-ல் அவர் எழுதிய நூல், மறுமலர்ச்சி ஓவியங்களில் குழந்தை ஏசு ஏன் இவ்வளவு அப்பட்டமாக நிர்வாணமாக இருக்கிறார் என்று கேட்டது. கடவுள் ஒன்றும் குறையாத மனிதனாகப் பிறந்தார் என்ற போதனையை ஓவியர்கள் உடலாகவே காட்டினார்கள் என்பது அவர் பதில். பலருக்கு அது அதிர்ச்சி. அந்த நூலுக்குப் பின்னுரை எழுதியவர் ஓ'மேலி என்ற ஏசு சபைப் பாதிரியார்! போப்பின் அவையில் நடந்த மறையுரைகளை ஆராய்ந்தவர் அவர். ஸ்டைன்பெர்க் அந்த ஆய்வை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஆக, நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. அந்தத் துறவிகளுக்குத் தெரிந்திருந்ததைத் தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

அதற்காக ஸ்டைன்பெர்க் சொல்வதையெல்லாம் நான் ஏற்பதில்லை. 1652-ல் கதவுக்காகச் சுவரை இடித்தபோது ஏசுவின் கால்கள் போய்விட்டன. பழைய நகல்களை வைத்து, அந்தக் கால்கள் சிலுவை மரணத்தை முன்கூட்டியே காட்டுகின்றன என்கிறார். இது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. மேசைக்கு அடியில் ஒருவர் காலை வேறு எப்படித்தான் வைப்பார்? லியோனார்டோவின் வழிவந்த ஓவியர் ஜாம்பியெத்ரினோ வரைந்ததாகச் சொல்லப்படும், லண்டன் ராயல் அகாடமிக்குச் சொந்தமான நகலில் கால்கள் அப்படியே இருக்கின்றன. இணையத்தில் தெளிவான படம் கிடைக்கும். பார்த்துவிட்டு, என் பக்கமா அவர் பக்கமா என்று எழுதுங்கள்.