பிள்ளையின் வயிற்றுக்குத்து அப்பெண்டிசைட்டிஸா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: எட்டு வயது மகனுக்கு நேற்றிரவிலிருந்து தொப்புளைச் சுற்றி நோ, இரண்டு தரம் சத்தி. இரத்தப் பரிசோதனை சரி, ஸ்கேனில் குடல்வளரி தெரியவில்லை. அப்போ அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வளரி அழற்சி, இல்லைதானே?

இப்போதே அப்படிச் சொல்ல முடியாது, அக்கா. தொடக்கத்தில் இரத்தத்தில் வெள்ளணுக்களும், அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் கூடாமலே இருக்கலாம். ஸ்கேனில் தெரியவில்லை என்றால் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். வாயு நிறைந்த குடல் முன்னால் கிடந்தாலே மறைத்துவிடும்.

என்னைக் கேட்டால், பிள்ளையைப் பார்ப்பதுதான் பெரிய பரிசோதனை. நோ தொப்புளிலிருந்து வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குகிறதா? சாப்பாட்டை வெறுக்கிறானா? ஆட்டோ பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் வலப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு கத்துகிறானா? அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்டுவிட்டால் சின்ன அசைவும் நோகும். அதனால்தான் சந்தேகமான பிள்ளைகளை வார்ட்டில் மறித்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை வயிற்றை அமர்த்திப் பார்க்கிறார்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களில் இந்த வரிசை ஒத்துவராது. வயிற்றோட்டம் போலக் காட்டி, பிடிபடும் முன்பே குடல்வளரி வெடித்துவிடுவதும் உண்டு. கடும் நோ திடீரென்று குறைந்தாலும் நம்பாதீர்கள், வெடித்ததாக இருக்கலாம். ஆண்பிள்ளை என்பதால் விதையையும் பார்க்கச் சொல்லுங்கள்; அது முறுக்கினாலும் அடிவயிறு நோகும்.

பேதி மருந்து கொடுக்கவே வேண்டாம். நிறைக்கேற்ற பரசிட்டமோல் நோயை மறைத்துவிடாது. நோ கூடினாலோ, வயிறு பலகை போல இறுகினாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.