சின்னக் கவிதை ஒன்றை அசையும் கொலாஜாக, அதாவது வெட்டியெடுத்த காகிதத் துண்டுகள் அசையும் குட்டிப் படமாக, மாற்றுவது எப்படி? வரையத் தெரியாதவர்களால் முடியுமா?

முடியும். எனக்கும் வரைய வராது. கத்தரிக்கோல், பழைய பத்திரிகைகள், ஒரு போன், கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் போதும். வெட்டிய துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் அசைவதுபோல் தெரியும். ஆனால் எதை வெட்டுவது என்பதில்தான் நான் முதலில் சறுக்கினேன். எடுத்துக்கொண்டது நானே எழுதிய நாலு வரி (கெடுத்தாலும் கேட்க ஆளில்லை பாருங்கள்):

மழை நின்ற பிறகும்
குடையை மடக்காமல்
நடக்கிறாள்
யாரோ கூட வருவதுபோல்

முதல் தடவை, கவிதையில் வந்த எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினேன். மழைக்கு நீல நூல், குடைக்குக் குடை, 'யாரோ'வுக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள். ஓட்டிப் பார்த்தால் பாலர் வகுப்புச் சுவர்ப்படம்! குரல் 'குடை' என்கிறது, திரையிலும் குடை வருகிறது. பார்ப்பவருக்கு மிச்சம் எதுவுமில்லை. அதிலும் அந்தச் சாம்பல் ஆள் கவிதையையே கொன்றுவிட்டான்.

அடுத்த தடவை அவனைத் தூக்கினேன், மழையையும். வெற்றுத் தாளில் ஒரு பெண், ஒரு குடை, அவ்வளவுதான். அவள் கையையும் குடைக்காம்பையும் ஊசியால் துளைத்து, நூல் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டேன். அதுதான் மூட்டு. மூன்று வரி வரைக்கும் குடை நேராக இருக்கிறது. கடைசி வரியில் மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. அங்கே யாருமில்லை. அவளுடைய வலது தோள் குடைக்கு வெளியே வந்துவிடுகிறது. 1926-இல் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கருப்பு அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்தே முழுநீளப் படம் எடுத்தார். முகபாவம் காட்ட வழியில்லாத நிழலுருவங்கள். ஒரு தலைக்குனிவும் கையசைவும்தான் அங்கே நடிப்பு. காகிதத்துக்கு அந்தச் சாய்வு போதும்.

வேலையைக் குரலிலிருந்து தொடங்குங்கள். கவிதையை நிறுத்தி நிதானமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். என்னுடையது இடைவெளிகளோடு 15 நொடி வந்தது. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இந்த மாதிரி வேலைக்கு 12 படம் தாராளம். ஆக 180 படம். குடை சாய்வதற்கு மட்டும் 3 நொடி, 36 படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தினால் கடிகார முள் மாதிரி இருக்கும். தொடக்கத்தில் நூலளவு, நடுவில் கொஞ்சம் தாராளம், நிற்கும்போது மறுபடி நூலளவு.

முதல் 180 படமும் குப்பைக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்தேன். வெளியே மேகம் நகர, போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, ஓட்டிப் பார்த்தால் கெட்டுப்போன டியூப் லைட் போல மினுக்மினுக்கென்றது. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வையுங்கள். போன் கேமராவில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். மேலிருந்து கீழே பார்க்கும்படி போனை நிறுத்திய பிறகு அதைத் தொடவே கூடாது. இயர்போன் பட்டனால் எடுக்கலாம். இப்படிப் படம் படமாக எடுத்து ஓட்டுவதற்கென்றே உள்ள ஸ்டாப் மோஷன் ஆப்களில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதி இருக்கும், எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்க்க உதவும்.

வெட்டிய காகிதத்தின் வெள்ளை ஓரம் கேமராவில் பளிச்சென்று தெரியும். அதே நிறப் பென்சிலால் விளிம்பில் ஒரு தேய்ப்பு. அடுத்தவர் கவிதையோ புகைப்படமோ என்றால் பொதுவில் போடும் முன் அனுமதி வாங்குங்கள். வாசிக்கும் குரல் இருக்கும்போது வரிகளைத் திரையிலும் எழுத வேண்டாம், கண் எழுத்துக்குத்தான் ஓடும்.

குரல் முடிந்தவுடன் படத்தை முடித்துவிடாதீர்கள். சாய்ந்த குடை இன்னும் இரண்டு நொடி நிற்கட்டும். அதற்குக் கடைசிப் படத்தையே இழுத்து நீட்டினால் உறைந்துபோனது தெரிந்துவிடும். எதையும் நகர்த்தாமல் 24 படம் தனியாக எடுத்துச் சேருங்கள்.