மருத்துவமனையில் நடக்கும் பேய்க்கதைகளில் உங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது எது?

டென்மார்க் தொலைக்காட்சியில் 1994இல் வந்த 'ரிகெட்' தொடர். லார்ஸ் வான் ட்ரையர், மோர்டன் ஆர்ன்ஃப்ரெட் இருவரும் சேர்ந்து இயக்கியது. கேள்வியின் கீழே நீங்கள் "நானும் ஒரு ஆஸ்பத்திரிப் பேய்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மார்ச்சுவரியைத் தாண்டி யோசிக்க வரவில்லை" என்று சேர்த்திருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மார்ச்சுவரி. நான் ஒரு பெரிய மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். எங்கள் அறையும் மார்ச்சுவரியும் ஒரே அடித்தளத்தில்தான் இருந்தன. நைட் டியூட்டி ஆட்கள் அந்தப் பக்கம் போக நடுங்கி நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது, இனி நடக்க ஒன்றுமில்லை. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பவர்களின் முகத்தில்தான் பயம் இருக்கும். கதை எழுதுகிறவர்கள் ஏன் நேராகப் பிண அறைக்கே ஓடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

'ரிகெட்' நடப்பது கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹாஸ்பிடலேட் என்ற நிஜ மருத்துவமனையில். 1757இல் அரசர் ஃப்ரெடெரிக்கின் பெயரில் வேறொரு தெருவில் தொடங்கப்பட்டு, 1910இல் பிளெக்டாம்ஸ்வை தெருவுக்கு இடம் மாறியது. இன்று உயரமாகத் தெரியும் அடுக்குமாடிக் கட்டடம் அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து எழுந்தது. அந்தப் பகுதியில் ஒருகாலத்தில் துணி வெளுக்கும் குளங்கள் இருந்தன. தொடர் அங்கிருந்துதான் தொடங்குகிறது: சதுப்பு நிலம், ஈரத் துணி, கலையாத மூட்டம். அதன் மேல் நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் வந்து உட்கார்கிறார்கள். இனி மூடநம்பிக்கைக்கு இங்கே வேலையில்லை என்கிறார்கள். அப்புறம் சுவரில் மெல்ல ஈரம் கசிகிறது.

கதையின் நடுவில் திருமதி ட்ரூசே என்ற வயதான நோயாளி. ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்ப அனுப்ப, புதுசு புதுசாக வியாதி சொல்லிக்கொண்டு வந்து படுத்துக்கொள்வார். இப்படிப்பட்டவர்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். ஒருநாள் லிஃப்டில் போகும்போது மேலே எங்கிருந்தோ ஒரு சிறுமி அழுவது அவர் காதில் விழுகிறது. அதே மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் தன் மகனை இழுத்துக்கொண்டு அந்தக் குரலைத் தேடத் தொடங்குகிறார். அவள் மேரி. 1919இல் இறந்தவள். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெற்ற தகப்பனே கொன்ற குழந்தை. அந்தத் தகப்பன், க்ரூகர், அங்கேயே டாக்டர்.

இதுவரை கேட்டால் வழக்கமான கதைதான். ஆனால் தொடர் மேரிக்கு எதிரே இன்னொரு சிறுமியையும் வைக்கிறது. பெயர் மோனா. அவள் உயிரோடு இருக்கிறாள். ஸ்வீடனிலிருந்து வந்த ஹெல்மர் என்ற மூளை அறுவை நிபுணர் செய்த ஆபரேஷனில் மூளை பழுதாகி, கட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறாள். தவறு நடந்ததற்கு ஒரே சாட்சி அன்றைய மயக்க மருந்துக் குறிப்பு. ஹெல்மர் அந்தத் தாளைத் தேடுகிறார், ஒழித்துக்கட்டுவதற்காக. ட்ரூசே மேரி பற்றிய பழைய தாள்களைத் தேடுகிறார், அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வதற்காக. இரண்டு பேருடைய தேடலும் அதே மருத்துவமனையின் பழைய ரெக்கார்டுகளுக்குள்தான்.

எனக்குக் குலை நடுங்கியது அங்கேதான். பேய் வந்த காட்சிகளை விளக்கு எரியவிட்டுப் பார்த்துவிட்டேன். ஹெல்மர் அந்தத் தாளுக்காக அலைகிற காட்சிகளை அப்படிப் பார்க்க முடியவில்லை. ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்தவனுக்கு ஒரு தாள் எவ்வளவு லேசானது என்று தெரியும். நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு பக்கம் நழுவினால் கோப்பின் கனத்தில் வித்தியாசமே தெரியாது.

இதற்கு நம் ஊர் விதியையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டவற்றை அதற்கும் மேல் வைத்திருப்போம். மற்றவை ஒருநாள் அழிக்கப்படும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இடம் வேண்டுமே. ஒருமுறை ஒரு அம்மா வந்தார். வார்டிலேயே இறந்துபோன மகளின் கேஸ் ஷீட் வேண்டும் என்றார். வருடங்கள் கடந்துவிட்டன. கோப்பு இல்லை, முறைப்படி அழித்தாகிவிட்டது என்று விதியைச் சொல்லி விளக்கினேன். அவர் சண்டை போடவில்லை. "அப்ப எம்பொண்ணு இங்க இருந்ததே இல்லைன்னு ஆயிடுமா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் வார்டு ரிஜிஸ்டரில் தேடி, அட்மிஷன் தேதியும் பெயரும் இருந்த வரியைக் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மேரி கேட்பதும் அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் யாரையும் கழுத்தை நெரிக்க வரவில்லை. தனக்கு நடந்ததை யாராவது அறிந்துகொள்ள வேண்டும், முறையாக அடக்கம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அவள் உடல் எங்கே கிடைக்கிறது தெரியுமா? அதே மருத்துவமனையில், ஜாடியில் திரவத்துக்குள் ஊறவைத்த ஆய்வு மாதிரியாக. அத்தனை வருடமும் டாக்டர்களின் கண்முன்னே இருந்திருக்கிறாள். பார்த்தவர்கள் யாருக்கும் அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

தொடரில் வரும் மற்ற டாக்டர்களும் இதே நூலில்தான் கோக்கப்படுகிறார்கள். போண்டோ என்ற பேராசிரியருக்கு ஒரு அபூர்வமான ஈரல் புற்றுநோய்க் கட்டி ஆராய்ச்சிக்கு வேண்டும். நோயாளியின் குடும்பம் தர மறுக்கிறது. அவர் என்ன செய்கிறார் என்றால், அந்தப் புற்றுப் பிடித்த ஈரலைத் தன் உடம்புக்குள்ளேயே மாற்றிப் பொருத்திக்கொள்கிறார். தன் உடம்பில் இருந்தால் தன்னுடையதுதானே! இதை எழுதும்போதே எனக்கு வயிறு புரட்டுகிறது. மேலே நிர்வாகமோ சூரியப் படம் போட்ட ஸ்டிக்கர்களை ஒட்டி, 'காலைக் காற்று' என்று பெயர் வைத்து ஊழியர்களிடம் அன்பை வளர்க்கும் இயக்கம் நடத்திக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சங்கம் வைத்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அடித்தளத்தில் பாத்திரம் கழுவும் இரண்டு பேர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், தட்டுகளைக் கழுவியபடியே மாடியில் நடக்கும் அத்தனையையும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கட்டடத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். எந்த டாக்டரும் இறங்கி வந்து அவர்களைக் கேட்பதில்லை.

நடுநடுவே நிறையச் சிரிக்கவும் வைக்கிறது. ஹெல்மர் மொட்டை மாடியில் ஏறி, கடலுக்கு அப்பால் தெரியும் தன் ஸ்வீடனைப் பார்த்து உருகிவிட்டு, டென்மார்க்காரர்களைத் திட்டித் தீர்ப்பார். சிரித்து முடித்த அடுத்த நிமிஷம், இரவில் வாசலுக்கு வந்து காணாமல் போகும் ஆம்புலன்ஸ் கேமராத் திரையில் தெரியும். ஊழியர்கள் அதற்கும் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம்தான் அசல் ஆஸ்பத்திரி. எதற்கும் பழகாமல் அங்கே ஒருவரால் வேலை பார்க்க முடியாது.

படமாக்கிய விதமும் உங்களுக்கு உதவும். படம் முழுக்கப் பழைய காகிதம் போல மஞ்சளும் பழுப்பும். கேமரா கையில் ஆடுகிறது, காட்சி பாதி வாக்கியத்தில் வெட்டித் தாவுகிறது. பேய்க்கு மட்டும் தனி வெளிச்சம் கிடையாது. டாக்டர்களின் காலைக் கூட்டத்துக்கும் லிஃப்டில் அழும் குழந்தைக்கும் ஒரே பழுப்புதான். அதனால் எது வழக்கமான வேலை, எது அமானுஷ்யம் என்று நம் கண் பிரித்துவைக்க முடிவதில்லை.

2004இல் இதை அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சிக்காகத் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் 13 பகுதிகளாக மாற்றினார். கதையை மெய்ன் மாநிலத்துக்கு நகர்த்தி, வெளுக்கும் குளங்களுக்குப் பதிலாகக் குழந்தைத் தொழிலாளர்கள் எரிந்துபோன ஒரு துணி ஆலையை வைத்தார். ஆலைத் தீ நல்ல யோசனைதான். ஆனால் அங்கே மனிதரைப் போலப் பேசும் ஒரு எறும்புதின்னி வழிகாட்டியாக வந்து நிற்கிறது. துணை வந்துவிட்டால் பயம் போய்விடுகிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

உங்கள் கதைக்கு ஒரு யோசனை. மார்ச்சுவரியை விட்டுவிட்டு அட்மிஷன் கவுண்டரில் தொடங்கிப் பாருங்கள். ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது, வார்டில் ஆள் இல்லை. அல்லது வார்டில் ஒரு குழந்தை இருக்கிறது, எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. டியூட்டி நர்ஸ் ஷிஃப்ட் மாறும்போது கட்டில் எண்ணிக்கையை ஒப்படைப்பார் அல்லவா, அந்த எண்ணிக்கை ஒன்று கூடினால் என்ன செய்வார்? நான் பார்த்த நர்ஸ்கள் கத்தியிருக்க மாட்டார்கள், மறுபடி எண்ணியிருப்பார்கள்.

பார்க்க நினைத்தால் 1994இன் நான்கு பகுதிகளை முதலில் பாருங்கள், மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். 1997இல் வந்த அடுத்த நான்கில் கதை இன்னும் கிறுக்குத்தனமாகப் போய், முடியாமல் தொங்கிவிடும். ஹெல்மராக நடித்த எர்ன்ஸ்ட் ஹூகோ யாரெகோர்ட் 1998இலும், ட்ரூசேயாக நடித்த கிர்ஸ்டன் ரோல்ஃபெஸ் 2000த்திலும் இறந்துவிட்டார்கள். கடைசி ஐந்து பகுதிகள் 2022இல்தான் வந்தன. அதில் பழைய தொடரைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒரு முடிவா" என்று எரிச்சல்படும் ஒரு பெண்மணி, தானே அந்த மருத்துவமனைக்குக் கிளம்பிப் போகிறார். தொடக்கம் அருமை, பயம் குறைவு. நேரம் இல்லையென்றால் முதல் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவில் பார்ப்பதென்றால் சப்டைட்டிலை அணைத்துவிடாதீர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் சொல்வது ஒன்றுகூடத் தப்பக் கூடாது.